ஞாயிற்றுக்கிழமைச் சட்டை

நற்சாட்சிபுரத்து உடுப்புகள் ஆட்களை வீட்டில் விட்டுவிட்டுத் தாங்களாகக் கோயிலுக்குப் போகத் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், முதல் மணி அடித்து ஓய்ந்து இரண்டாம் மணிக்கு இன்னும் நேரம் கிடந்தபோது. சபைச் செயலர் கோயில்பிள்ளை அந்நேரம் சாரமும் பனியனுமாக முற்றத்தில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஆணியில் தொங்கிய அவருடைய வெள்ளைச் சட்டை தானே இறங்கி, காலரை நீவிக்கொண்டு, கொடியில் கிடந்த வேட்டியையும் கீழே சேர்த்துக் கட்டிக்கொண்டு, வழியை மறித்து நின்ற அவரை ஒரு கையால் மெல்ல ஒதுக்கிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தது. கோயில்பிள்ளை வாயில் நுரையோடு அதன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏட்டி சுகிர்தம், சட்டைக்கு என்ன கஞ்சி போட்ட?" என்று மட்டும் கேட்டார்.

"எப்பவும் போடுத அரிசிக் கஞ்சிதான். ஏன், மொடமொடப்பு பத்தலியா?" என்று அடுக்களையிலிருந்து அவர் மனைவி கேட்டாள்.

"மொடமொடப்புக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. அது கெளம்பிப் போயிட்டு."

சுகிர்தம் கரண்டியோடு வெளியே வருவதற்கும், பீரோவைத் திறந்துகொண்டு அவளுடைய அரக்குப் பட்டு கொசுவம் கலையாமல் அவளைத் தாண்டிப் போவதற்கும் சரியாக இருந்தது. போகிற போக்கில் முந்தானை அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனது.

இது ஏன் நடந்தது என்று அந்த ஊரில் யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை, நாமும் பிய்த்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நற்சாட்சிபுரத்தாரின் ஞாயிற்றுக்கிழமை உடுப்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே ஆளுக்கு ஒரு செட்டு உடுப்பு கோயிலுக்கென்றே உண்டு. அதைப் போட்டுக்கொண்டு யாரும் சந்தைக்குப் போனதில்லை, கல்யாணத்துக்குப் போனதில்லை, சண்டைக்கும் போனதில்லை. சண்டைக்கு வேறு உடுப்பு வைத்திருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் ஆனால் ஊர் முழுக்கக் கஞ்சியும் நீலமும் கரி போட்ட இஸ்திரிப்பெட்டி வாசனையும் அடிக்கும். சட்டைக் கையில் விழுந்த மடிப்பின் கூர்மையை வைத்து ஒரு மனுஷனின் விசுவாசத்தை எடைபோட்டுப் பெண் கொடுத்த ஊர் அது. தாத்தா காலத்திலிருந்து ஆறு நாள் தொங்கி, ஏழாம் நாள் கோயிலைத் தவிர வேறொன்றையும் பார்க்காத துணி, ஒருநாள் தனக்கு வழி தெரியும் என்று கிளம்பிவிட்டதில் அந்த ஊர்க்காரர்களுக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை.

தெருவில் உடுப்புகள் ஜோடி ஜோடியாகப் போவதை அவரவர் வாசலில் நின்று சாரத்தோடும் நைட்டியோடும் பார்த்தார்கள். கூடவே போன ஒரே ஆள் குளத்துக்கரைக் கிருபை. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைக்கும் திங்கள்கிழமைக்கும் ஒரே சேலை என்பதால் அவளை விட்டுவிட்டுப் போக அந்தச் சேலைக்கு வழியில்லை. எபனேசர் ஐயர், அதாவது அந்தச் சபையின் குருவானவர், வெள்ளென எழுந்து அங்கியைப் போட்டுப் பொத்தானும் மாட்டிவிட்டதால் அவருடைய அங்கிக்கும் தப்பிக்க முடியாமல் போயிற்று. ஆக அன்றைய ஆராதனையில் தலையுள்ளவர்கள் அவரும் கிருபையும்தான்.

அந்த வாரமே கமிட்டி கூடியது. கோயில்பிள்ளை எழுந்து விஷயத்தைச் சொல்ல, உடுப்பு வந்தால் ஆள் வந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வேட்டி வராமல் சட்டை மட்டும் வந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். மேல்பாதி வந்தாலே போதும், சபையில் பெஞ்சுக்குக் கீழே யார் பார்க்கிறார்கள் என்று இன்னொருவர் சொன்னார். ரவிக்கை இல்லாமல் சேலை மட்டும் வந்தால் அது ஒழுங்கீனம், திருப்பி அனுப்ப வேண்டும் என்று வெகுநேரம் விவாதித்து முடிவு செய்தார்கள். எபனேசர் ஐயர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஐயரே, நீங்க ஒண்ணும் வெசனப்படாதீய" என்றார் கோயில்பிள்ளை. "எங்க உடுப்புக்கே இவ்வளவு பக்தின்னா எங்களுக்கு எவ்வளவு இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க."

ஐயர் யோசித்துப் பார்த்தார், பிறகு டீயைக் குடித்தார்.

அதற்குப் பிறகு ஊருக்கு நல்ல காலம் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தூங்கலாம், கறிக்கடைக்குக் கூட்டம் சேர்வதற்குள் போகலாம், மணிச்சத்தம் கேட்டால் புரண்டு படுத்து 'நம்ம சட்டை போயிருக்கும்' என்று நிம்மதியாகக் கண்ணை மூடலாம். உடுப்புகளும் குறை சொல்ல முடியாதபடி நடந்துகொண்டன. அவை பிரசங்கத்தில் கொட்டாவி விடவில்லை, செல்போனை நோண்டவில்லை, அடுத்த பெஞ்சுச் சேலையின் விலையை விசாரிக்கவில்லை. பாட்டு வந்தால் வாயில்லாததால் மடிப்புகளைச் சலசலத்துப் பாடின, முழங்கால் போடச் சொன்னால் முழங்கால் இல்லாமலே முழங்காலில் நின்றன. திருவிருந்தில் அப்பத்தைக் காலருக்கு மேலே நீட்டினால் அது உள்ளே போய்விடும். எங்கே போகிறதென்று ஐயர் கேட்கவில்லை, அவர் படித்த இறையியல் கல்லூரியில் அதைச் சொல்லித்தரவில்லை. ஆனால் ஒன்றை அவர் கவனித்தார். பிரசங்கம் செய்யும்போது உடுப்புகள் முன்னால் சாய்ந்து கேட்டன. இத்தனை வருஷ ஊழியத்தில் தன் பிரசங்கத்தை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்பதால் அவர் ராத்திரி உட்கார்ந்து ஒழுங்காகத் தயாரிக்க ஆரம்பித்தார்.

கோயில்பிள்ளைக்கு இந்த ஏற்பாட்டில் எல்லாரையும்விடச் சந்தோஷம். அவருடைய தாத்தா கோயிலுக்கு அஸ்திவாரம் வெட்டியவர், அப்பா மணி வாங்கிக் கொடுத்தவர், முதல் பெஞ்சு அவர்கள் குடும்பத்துப் பெஞ்சு. பரலோகத்தில் கூட்டம் எவ்வளவு இருந்தாலும் தாங்கள் வெளியே நிற்க வேண்டியிராது, நம்ம குடும்பத்துக்கென்று முன்னால் ஒரு பெஞ்சு கிடக்கும் என்று அவர் விளையாட்டாகச் சொல்வார், ஆனால் விளையாட்டாக நினைத்ததில்லை. அந்த மனுஷனுக்கு உள்ளே இருந்த முள் ஒன்றே ஒன்றுதான், அது அவருடைய அக்கா நவமணி.

நவமணி குளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாள். தாயில்லாத கோயில்பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். பிறகு வேறு சாதி, வேறு சாமி கும்பிடுகிற ஒரு பஸ் கண்டக்டரைக் கட்டிக்கொண்டாள். அவளைச் சபையிலிருந்து நீக்குவது என்று முடிவானபோது, அப்போதுதான் புதிதாகச் செயலரான கோயில்பிள்ளை, வேறு யாரையும் வாசிக்கவிடாமல் தானே எழுந்து நின்று குரல் நடுங்காமல் அந்த முடிவை வாசித்தார். சொந்த அக்கா என்றுகூடப் பார்க்கவில்லையே என்று ஊர் மெச்சியது. அந்த மெச்சலை வைத்துத்தான் அவர் இன்றுவரை செயலர். இப்போது கண்டக்டர் செத்துப்போய், பிள்ளைகள் இல்லாமல், கண்ணும் மங்கி, ஒரு பக்கம் கைகால் விழுந்து நவமணி கட்டிலில் கிடந்தாள். ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சுகிர்தம் சொல்லும்போதெல்லாம் கோயில்பிள்ளை ஒரே பதிலைச் சொன்னார்.

"நீக்கின ஆள் வீட்டுக்குச் செயலரே போனா நாளைக்கு எவன் மதிப்பான்? சும்மா கெட."

சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பார். தூக்கம் வராது, அதையும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் கோளாறு ஆரம்பித்தது. சண்டை போட்டவனோடு சமாதானமாகாமல் காணிக்கை கொண்டுவராதே என்ற அர்த்தத்தில் எபனேசர் ஐயர் ஒருநாள் பிரசங்கித்தார். அதை அவர் அந்த ஊரில் எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறார், நல்ல பிரசங்கம் என்று கைகுலுக்கிவிட்டு எல்லாரும் அதே சண்டைக்குத் திரும்பிப் போயிருக்கிறார்கள். அன்றைக்கு உடுப்புகள் கைகுலுக்கவில்லை. பள்ளிக்கூட வாத்திச்சியின் ஊதாச் சேலை நேராக அவளுடைய நாத்தனார் வீட்டுக்குப் போய் முற்றத்தைப் பெருக்கிக் கோலப்பொடி டப்பாவைத் தேடியது. வேலித் தகராறில் கோர்ட்டுக்குப் போயிருந்த இருவருடைய சட்டைகளும் அந்த வேலியின் மேலேயே ஒன்றை ஒன்று கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தன. பிரித்தெடுக்க இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து வந்து இழுக்க வேண்டியதாயிற்று. அடுத்த வாரம் ஐயர் இல்லாதவனுக்குக் கொடுப்பதைப் பற்றிப் பேசினார். பாடகர் குழுத் தலைவரின் கோட்டு பஸ் ஸ்டாண்டில் குளிரில் கிடந்த ஒரு குடிகாரன் மேல் ஏறித் தன்னைத்தானே பொத்தான் போட்டுக்கொண்டு இறங்க மறுத்துவிட்டது.

ஊர் கொதித்துப்போயிற்று. மறுபடியும் கமிட்டி.

"கேக்கதுக்குத்தான பிரசங்கம்? கேட்டத எல்லாம் அப்படியே செஞ்சா எந்தச் சபை வெளங்கும்?" என்று கோட்டை இழந்தவர் கத்தினார்.

"ஐயரே, கொஞ்ச நாளைக்கு வம்சவரலாறா வாசிங்க" என்றார் கோயில்பிள்ளை. "யாரு யாரைப் பெத்தான்கதுல உடுப்புக்குச் செய்ய ஒண்ணும் கெடையாது."

ஐயர் வம்சவரலாறு வாசித்தார். உடுப்புகள் பொறுமையாகக் கேட்டன. ஆராதனை முடிந்ததும் அவை கலைந்து போகாமல் பிரசங்க பீடத்தைச் சுற்றி நின்றுகொண்டன, யாரோ சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் மட்டும் கொடுத்ததுபோல. ஐயருக்கு வெட்கமாகிவிட்டது. பழையபடி பிரசங்கிக்க ஆரம்பித்தார், இந்த முறை வியாதியாய்க் கிடப்பவர்களைப் போய்ப் பார்ப்பதைப் பற்றி.

அதன்பின் கோயில்பிள்ளையின் சட்டை நேரத்துக்கு வீடு திரும்பவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து வெயில் தாழ்ந்த பிறகு வந்தது. மார்பில் கஞ்சிக் கறை, கையில் தைல வாசனை, முதுகெல்லாம் கசங்கல். மறுவாரம் அவர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். அது சாவித் துவாரம் வழியாக ஒரு கையை வெளியே விட்டு, பிறகு மற்ற உடம்பையும் திரியைப் போல முறுக்கி இழுத்துக்கொண்டு, எல்லா மடிப்பும் கலைந்த கோலத்தில் கோயிலுக்குப் போனது. செயலரின் சட்டை இப்படி வரலாமா என்று ஊர் பேசியது. அதுதான் கோயில்பிள்ளையை உறுத்தியது, அவருடைய மடிப்பைப் பற்றி யாரும் இதுவரை குறை பேசியதில்லை.

தெருவில் கிருபை எதிரே வந்தபோது அவளை நிறுத்தி, எல்லா உடுப்பும் எங்கெங்கே போகின்றன, உனக்குத்தான் தெரியுமே என்று கேட்டார்.

"மத்ததுக எங்க போவுதுன்னு எனக்கு என்னத்துக்கு அண்ணாச்சி?" என்றாள் கிருபை. "ஒங்க சட்ட நவமணி மைனி வீட்டுக்குத்தான் போவுது. பக்கத்துல உக்காந்து விசிறுது, ஸ்பூன்ல கஞ்சி குடுக்குது. மைனிக்குக் கண்ணு தெரியாதுல்லா, தம்பி வந்துட்டான் தம்பி வந்துட்டான்னு ஒரே சந்தோசம். மொதல்ல ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்."

கோயில்பிள்ளை வீட்டுக்கு வந்து சுகிர்தத்தின் மேல் பாய்ந்தார். அந்தக் கஞ்சி யார் வீட்டுக் கஞ்சி?

"நம்ம வீட்டுக் கஞ்சிதான்" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "தூக்குச் சட்டியில ஊத்தி வாசல்ல வச்சேன், கோயில் விட்டதும் வந்து எடுத்துட்டுப் போச்சு. நீங்கதான் போவ மாட்டீய. ஒங்க சட்டையாவது போவட்டும்னு வச்சேன். அதுக்கும் தடை போடணும்னா கமிட்டியக் கூட்டுங்க."

அவர் கமிட்டியைக் கூட்டவில்லை. அடுத்த ஞாயிறு சட்டை போனது, சாயங்காலமாகியும் வரவில்லை, திங்கள் வரவில்லை, செவ்வாயும் வரவில்லை. நவமணிக்கு ரொம்ப முடியவில்லை என்று ஊரில் பேச்சு. வருகிற ஞாயிறன்றோ புது மணிக்கூண்டுக்குக் கல் நாட்டப் பேராயர் வருகிறார், கல்லில் 'செயலர் கோயில்பிள்ளை' என்று வெட்டியாகிவிட்டது, பேராயரோடு நின்று போட்டோ எடுக்கச் சட்டை வேண்டும். ஆகவே சனிக்கிழமை காலையில், பட்டன் போன ஒரு பழைய கோடுபோட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, அவர் குளத்துக்கரையில் நடந்தார். சட்டையை எடுத்துவரத்தான் போகிறேன் என்று வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், யாரும் கேட்காமலே, சொல்லிக்கொண்டு போனார்.

ஓலைத் தட்டியை விலக்கினார். உள்ளே கட்டிலில் அக்கா கிடந்தாள். இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் இப்போது கட்டிலில் இருப்பதே தெரியாத அளவுக்குச் சிறுத்திருந்தாள். கட்டில் விளிம்பில் வெள்ளைச் சட்டை உட்கார்ந்து பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தது. அது பழுப்பேறி, கஞ்சிப் பசையெல்லாம் போய்த் தொளதொளவென்று ஆகியிருந்தது. எதற்கு வந்தோம் என்பதே கோயில்பிள்ளைக்கு ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று.

"யாரு அது?" என்றாள் நவமணி.

"நான்தான்க்கா. கோயில்பிள்ளை."

நவமணி சிரித்தாள். பல்லில்லாத, நல்ல சிரிப்பு. "கண்ணு தெரியாதவளக் கேலி பண்ணுதீயளா ஐயா? கோயில்பிள்ளை இந்தால்லா இருக்கான் எம்பக்கத்துல." அவள் கை தடவித் தடவிச் சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டது. "சின்னப்பிள்ளையில வாய் ஓயாது இவனுக்கு. இப்பம் பேச்சே இல்ல. பேசாட்டா என்ன, வந்துருதான்லா."

"அக்கா, அது வெறும் சட்டைக்கா. நான்தான் ஒன் தம்பி. நீ இடுப்புல வச்சு எனக்கு நெலாக் காட்டுவியே, அது நான்தான்க்கா."

"அத எங்கிட்ட யாரு வேணா சொல்லலாம்" என்றாள் அவள், கோபமில்லாமல். "ஒங்கள எனக்குத் தெரியலியே ஐயா."

கோயில்பிள்ளை சட்டைக்குள் நுழைந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தார். பழைய சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையின் கைக்குள் தன் கையை விட்டார். சட்டை கையை இறுக்க மூடிக்கொண்டது. இந்தப் பக்கம் விட்டார், அந்தப் பக்கம் விட்டார், தலையை விட்டார். எல்லா வழியும் அடைத்திருந்தது. இத்தனை வருஷம் தான் போட்டுத் திரிந்த சட்டையிடம், பனியனோடு நின்று, "தயவுசெஞ்சு" என்று கெஞ்சினார். சட்டை விசிறுவதை நிறுத்தவில்லை.

அப்போது நவமணி முனகினாள். சட்டை விசிறியை வைத்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் அவள் முதுகுக்கடியில் கொடுத்துத் தூக்கப் பார்த்தது. தூக்கத் தூக்க, எலும்பில்லாத கை மடங்கி மடங்கி விழுந்தது. மறுபடியும் கொடுத்தது, மறுபடியும் மடங்கியது.

"இது ஒண்ணுதான் அவனுக்கு ஆவாது" என்றாள் நவமணி. "எல்லாஞ் செய்வான். தூக்கத்தான் பெலனில்ல, பாவம். கிருபை வந்தாத்தான் திருப்பிப் போடுவா. முதுகெல்லாம் புண்ணாப் போச்சு."

சட்டை எழுந்து, கட்டிலைவிட்டு ஓர் அடி விலகி நின்று, முகமில்லாத தன் காலரைக் கோயில்பிள்ளையின் பக்கம் திருப்பியது. அவர் கட்டிலருகே போனார். நாற்றம் முகத்தில் அடித்தது. ஒரு கையைக் கழுத்துக்கடியிலும் ஒரு கையை இடுப்புக்கடியிலும் கொடுத்து அக்காவைத் தூக்கினார். கனமே இல்லை. ஈரத் துணியை உருவிப்போட்டுவிட்டு, சட்டை எடுத்து நீட்டிய உலர்ந்த துணியை விரித்து, அவளைப் பக்கவாட்டில் படுக்கவைத்தார். அவர் கண்ணீர் அவள் தோளில் விழுந்ததைக் கூரை ஒழுகுகிறது என்று நினைத்து அவள் துடைத்துக்கொண்டாள்.

"அப்பாடா" என்று பெருமூச்சு விட்டாள். "நல்லா இருங்க ஐயா. பழக்கம் இல்லாத கையா இருக்கு, ஆனாலும் பரவாயில்ல. எந்த ஊரு? எந்தச் சபை ஒங்களுக்கு?"

கோயில்பிள்ளை வாயைத் திறந்தார். தாத்தா, அஸ்திவாரம், மணி, முதல் பெஞ்சு, கல்லில் வெட்டிய பெயர் எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றன.

"இனிமேத்தான்க்கா சேரணும்" என்றார்.

"வயசானவரு கணக்கா இருக்கு கொரலு. சீக்கிரம் சேருங்க" என்றாள் நவமணி. "அந்தக் காலையும் கொஞ்சம் நீட்டி விடுங்க, மரத்துப்போயிருக்கு."

அவர் குனிந்து அவள் காலை நீட்டிவிட்டார்.